அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது அம்மா, அம்மாவுக்கு யார்?

திருமணமாகித் திருப்பூரில் வசிக்கும் 34 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். பெற்றோர் இருவரும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். 64 வயதான அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. 58 வயதான அம்மாவுக்கு ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. அவருக்கும் ஸ்டென்ட் வைத்து, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்திருக்கிறது என்று சொல்லி, ஆறு வகை மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன மகள், அரிசி டிரம்முக்குள் பாதி பிரித்தும் பிரிக்காமலும் கிடந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்திருக்கிறார்.

கேட்டதற்கு அம்மா மறைக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறார். அப்போதுதான் ஒரு மாதத்து அட்டை இரண்டு மாதத்துக்கு வருமாம். கொழுப்பு மாத்திரையைக் கால் குடைச்சல் என்று இரண்டு மாதமாக நிறுத்திவிட்டார். அந்தக் குடைச்சலுக்கு மெடிக்கல் கடையில் தனியாக ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். சிறுநீரைக் கூட்டி உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் நீர் மாத்திரை, வெளியே போகாமல் அவர் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும். கிருத்திகையிலும் அமாவாசையிலும் விரதம் என்பதால் எதுவும் கிடையாது. அப்பாவோ, 'பெண்களுக்கு வருவது பெரும்பாலும் வாயுதான், இவளுக்கு எதற்கு இத்தனை மாத்திரை' என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில், 'பெண்களும் கறுப்பின மக்களும் இதய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்று இங்கே ஆய்வே வந்திருக்கிறது, அது அவர்கள் சுபாவம்' என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர்களின் உடம்பை வைத்துச் செய்த மருந்து நம் உடம்புக்கு ஒத்துவராது என்பது பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கருத்து.

வாசகியின் கேள்விகள் மூன்று. அண்ணன் சொல்வது உண்மையா? ஆறில் எதையாவது குறைத்துக்கொள்ளலாமா? அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

அன்புள்ள அம்மிணிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கலக்காதீர்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற சில மாத்திரைகள் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்துக் கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நீங்கள் கலந்தது தெரியாமல் அன்றைக்கு அம்மாவும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் அளவு இரட்டிப்பாகும். இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. அது அவருடைய உடம்பு. உள்ளே என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒரு நாள் உண்மை தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் ரசத்தைக்கூட அவர் சந்தேகத்தோடுதான் குடிப்பார்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. 'அப்பாவுக்கு அம்மாவே வேளை தவறாமல் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார் என்றால் அந்த ஒழுங்கு அம்மாவின் உழைப்பு. சர்க்கரைக்கு உணவுக்கு முன், இதயத்துக்கு உணவுக்குப் பின் என்று மூன்று ஆண்டுகளாகப் பிசகாமல் நினைவு வைத்திருக்கும் ஒரு பெண்ணை 'மருந்து விஷயத்தில் அலட்சியமானவர்' என்று எப்படிச் சொல்வது? விடியற்காலையில் எழுந்து கட்டுத்தறியைக் கூட்டி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் அவருக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள்? மருத்துவரான என் அறைக்கு வரும் தம்பதிகளிலும் இதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். கணவர் நோயாளியாக வந்தால் அவருடைய சீட்டுகளை மனைவி மனப்பாடமாகச் சொல்வார். மனைவி நோயாளியாக வந்தால் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்காகப் பதில் சொல்வார். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது மட்டும் தெரியாது. அந்தக் கணவரிடமே கேள்வி கேட்டு அனுப்பிய நாட்கள் எனக்கும் உண்டு. அது தவறு என்று உணர எனக்குக் காலம் பிடித்தது.

அண்ணன் படித்த ஆய்வு

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. ஸ்டாடின் என்னும் கொழுப்பு மாத்திரைகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மருந்தை முறையாக எடுக்காமல் இருப்பது ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகமாகவும், வெள்ளையர்களைவிட மற்ற இனத்தவரிடம் இன்னும் அதிகமாகவும் இருந்தது. எண்ணிக்கை சரி. 'அது அவர்கள் சுபாவம்' என்று அவர் சேர்த்துக்கொண்ட வாக்கியத்தைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அதே அமெரிக்காவில் மாரடைப்பு வந்து வீடு திரும்பிய 5,800-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான காப்பீடு. மருந்துச் செலவில் ஒரு பகுதியை நோயாளியே கட்ட வேண்டும். மற்றொரு பிரிவுக்கு மாரடைப்புக்குப் பிந்தைய மருந்துகள் முழுக்க இலவசம். 2011-ல் முடிவு வெளியானது. இலவசமாகக் கிடைத்தவர்கள் கூடுதலாக மருந்து எடுத்தார்கள். 2014-ல் அதே தரவுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளையர் அல்லாதவர்களிடையே இலவச மருந்து பெற்றவர்களுக்கு மறுபடியும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. தோலின் நிறம் மாறவில்லை. கட்ட வேண்டிய பணம்தான் மாறியது.

பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைத்தும் எடுக்காதவர்கள் அந்த ஆய்விலும் நிறையப் பேர் இருந்தார்கள். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறையே, சிஃபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் வெள்ளை கோட்டு போட்டவர் நீட்டும் மாத்திரையைத் தயக்கத்தோடு வாங்கினால், அந்தத் தயக்கத்தைப் பரம்பரைக் குணம் என்று எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்தையே பாருங்கள். கடம்பூர் மலையிலிருந்து சத்தியமங்கலத்துக்கோ பர்கூர் மலையிலிருந்து அந்தியூருக்கோ ஒரு மாத மாத்திரைக்காக இறங்கி வரும் பழங்குடிப் பெரியவர் அதற்காக ஒரு நாள் கூலியை இழக்கிறார். உங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டையைக் கொடுத்து, எப்போது சாப்பிடுவது என்பதைத் தமிழில் சொல்லி அனுப்புகிறோம். அடுத்த மாதம் அவர் வராவிட்டால் 'இவர்கள் இப்படித்தான்' என்கிறோம். அண்ணன் சொன்னதும் இதே வாக்கியம்தான்.

நம் உடம்புக்கு ஒத்துவராதா?

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை ஆசிய வம்சாவளியினரின் ரத்தத்தில் வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அளவில் சேர்கிறது. அதனால் நமக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவது நல்லது என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் இது அளவைப் பற்றிய செய்தி. மருந்தே வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவருக்கு 59 வயதை ஒட்டி வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப் பார்த்தால் இந்த மருந்துகள் நமக்குத்தான் முந்தித் தேவைப்படுகின்றன.

பெண்களுக்கு வருவது வாயு என்று அப்பா சொல்வதை நீங்கள் மென்மையாக, ஆனால் உறுதியாக மறுக்க வேண்டும். பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முதன்மையான அறிகுறி. அதோடு மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி ஆகியவை ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் வருகின்றன. ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்து, மறுநாள் என்னிடம் வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் இதயத் தசையில் நான் காப்பாற்ற முடியாமல் போன பகுதி எனக்கு மறக்கவில்லை.

எதைக் குறைக்கலாம்?

நீங்களாகவோ அம்மாவாகவோ எதையும் குறைக்கக் கூடாது. மருத்துவரோடு உட்கார்ந்து மாற்றிக்கொள்ளக் கூடியவை நிறைய இருக்கின்றன. அம்மா சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுகூட அற்பமான காரணம் இல்லை.

மிக அவசரமானது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன் மேல் ரத்தம் உறைந்து குழாய் திடீரென்று அடைத்துக்கொள்ளாமல் காப்பவை இந்த இரண்டும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தால் வழக்கமாக ஓராண்டுக்கு இரண்டையும் சேர்த்துத் தினமும் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற கணக்கு இங்கே செல்லாது. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே ஸ்டென்ட் வைத்த மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வயிறு எரிகிறது என்று கடையில் ஒமிப்ரசோல் வாங்கிப் போட வேண்டாம். அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். வயிற்றுக்கு வேறு மாத்திரை இருக்கிறது.

மெட்டோப்ரோலாலை இரண்டு மூன்று நாள் விட்டு, படபடப்பு வந்தால் மட்டும் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திடீரென்று விடுவதே நெஞ்சு வலியைக் கிளப்பிவிடும். பல நாள் விட்டிருந்தால் பழைய அளவிலேயே தானாகத் தொடங்கவும் வேண்டாம். நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, தேவைப்பட்டால் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். விட்டுப்போன மாத்திரைக்கு ஈடாக மறுநாள் இரண்டாகப் போடுவதும் கூடாது.

கால் குடைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் ஸ்டாடினை நிறுத்துவதற்கு நான் அதிகம் கேட்கும் காரணம் இதுதான். வலி கற்பனை என்று சொல்லும் மருத்துவர் தவறு செய்கிறார். ஆனால் வலிக்குக் காரணம் அந்த மாத்திரைதானா என்பது தனிக் கேள்வி. இங்கிலாந்தில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்க விளைவால் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாடினும், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள், சில மாதங்கள் எதுவும் கொடுக்கவில்லை. ஸ்டாடினால் வந்ததாக நினைத்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாடினைத் தொடங்கினார்கள். அம்மாவுக்குத் தைராய்டு குறைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெண்களிடம் அது அதிகம். தசை வலியும் தரும், கொழுப்பையும் ஏற்றும். ரத்தத்தில் சிகே என்ற தசைப் பரிசோதனை ஒன்று உண்டு. எல்லாம் பார்த்த பிறகும் மாத்திரைதான் காரணம் என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம், ஸ்டாடின் அல்லாத கொழுப்பு மருந்தும் இருக்கிறது.

ஆனால் அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை மாரடைப்பு வந்தவர்களுக்கு மறுபடி வரும் அபாயத்தைக் கூட்டும், உடம்பில் நீர் தேக்கும், ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படுத்தும். ஆறு மாத்திரைக்குப் பயந்தவர் தாமாகச் சேர்த்துக்கொண்ட ஏழாவது மாத்திரைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

நீர் மாத்திரை விஷயத்தில் அம்மா சொன்னது முழுக்க நியாயம். காலையில் ஃபியூரோசிமைடு என்ற அந்த நீர் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் ஏறும் ஆண், எங்காவது இறங்கி ஒதுங்கிவிடுவார். 58 வயதுப் பெண் எங்கே ஒதுங்குவார்? மஞ்சள் காட்டில் ஆட்களோடு நிற்கும் நாளில் என்ன செய்வார்? சீட்டில் 'காலை' என்று எழுதும் நாங்கள் இதைக் கேட்பதில்லை. அந்த மாத்திரையின் வேகம் சுமார் ஆறு மணி நேரம். வெளியே போகும் நாளில் வீடு திரும்பியதும் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். இரவில் போட்டால் தூக்கம் கெடும். காலில் வீக்கமோ, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏற்றமோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ராமிப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அம்மாவுக்கு இருந்தால் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. விரத நாளில் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு போடுவதால் விரதம் கெடாது என்று பெரும்பாலான பெரியவர்களே சொல்வார்கள். நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டார் என்றால், அவர் மதிக்கும் கோயில் பூசாரியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பிரினுக்கு மட்டும் வயிறு முழுக் காலியாக இல்லாமல் பாலோ பழமோ சேர்த்துக்கொள்ளட்டும்.

செலவும் எண்ணிக்கையும்

அட்டையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார் என்றால், அப்பாவின் மருந்துச் செலவுக்குப் பிறகு தம்முடையதற்குக் கேட்க அவருக்குக் கூச்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஸ்டென்ட் வைப்பதற்கு உதவும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் வாங்கும் மாத்திரைக்கு அதை நம்பியிருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் இந்த மருந்துகளை இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் பக்கத்துக்குப் பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அப்பாவின் சர்க்கரை மாத்திரையை அதற்கு மாற்றினாலே வீட்டுக் கணக்கில் இடம் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் விலை குறைவு.

ஒரே ஓர் எச்சரிக்கை: கடை மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். அம்மா ஆங்கிலம் படிக்காதவர். 'ரோஸ் மாத்திரை', 'நீள மாத்திரை' என்றுதான் அடையாளம் வைத்திருப்பார். நிறமோ வடிவமோ மாறியபின் மாரடைப்பு நோயாளிகள் மருந்தை நிறுத்துவது கூடுகிறது என்று ஆய்விலேயே தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள். எதற்கு, எப்போது என்று அட்டையின் மேல் தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

ஆறை மூன்று நான்காகச் சுருக்கவும் வழி உண்டு. ஆஸ்பிரின், ராமிப்ரில், ஒரு ஸ்டாடின் மூன்றையும் ஒரே மாத்திரையாகக் கொடுத்து ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு வந்த சுமார் 2,500 பேரில், கூட்டு மாத்திரை எடுத்தவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும் தனித்தனியாக எடுத்தவர்களில் 12.7 சதவீதத்தினருக்கும் மறுபடி பெரிய பாதிப்பு வந்தது. அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய ரத்த அழுத்தமும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம்

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அம்மா திட்டு விழும் என்று பயந்து 'ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிடுவார். அதை நம்பி மருத்துவர் அளவைக் கூட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. 'பாதி நாள்தான் எடுத்திருக்கிறார், காரணங்கள் இவை' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பதில்களை அம்மாவே சொல்லட்டும்; அப்பாவை வெளியே உட்காரச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், மருத்துவரிடம் கேளுங்கள், அவர் சொல்வார்.

அதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை தனியாகப் பேசுங்கள். குற்றம் சுமத்த வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. மாத்திரை நேரம் என்பது தானாகவே வந்துவிடும் ஒன்று என்று மூன்று ஆண்டாகப் பழகிவிட்டார். காலையிலும் இரவிலும் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, இருவர் மாத்திரையையும் அவரே எடுத்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுக்கொள்ளட்டும். இந்த ஒரு வேலையை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். இடையில் அம்மாவுக்கு நெஞ்சு அழுத்தமோ, வியர்வையோடு மூச்சு வாங்கலோ வந்தால் சோடாவும் ஓமமும் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம்தான் சொல்லிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் தோட்டத்தில் அவர்தான் கூட இருப்பார்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அரிசி டிரம்மில் கிடந்த அட்டைகள், சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கால் வலிக்கு வாங்கியதையும் மறக்காமல் சேர்த்து.